டீயில் கரைத்த முருங்கை

பொங்கல் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ரத்ததான முகாம் நடக்கும். தாராவியில் பொங்கலைத் தெருவில் பானை வைத்துக் கொண்டாடுகிறவர்கள் நாங்கள். கோலமும் ஸ்பீக்கரும் ஓய்ந்த பிறகு, விழா நடத்துகிற மண்டல்காரர்கள் ஹாலில் பந்திப் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கட்டில் போடுவார்கள். ஆண்கள் படுத்து ரத்தம் கொடுப்பார்கள். பெண்கள் நின்று பிஸ்கட் கொடுப்பார்கள். இப்படி ஒரு சட்டம் யாரும் போடவில்லை, ஆனாலும் வருஷா வருஷம் அப்படித்தான் முடிந்தது.

காரணம் வாசலில் இருந்த நீலத் தண்ணீர். மயில்துத்தம் கரைத்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் வைத்திருப்பார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து அதில் விடுவார்கள். ரத்தத்தில் சத்து இருந்தால் சொட்டு மூழ்கும். இல்லையென்றால் மிதக்கும். என் வீட்டுக்காரர் வடாபாவிலேயே ஓடுகிற உடம்பு. அவர் சொட்டு விட்ட உடனே அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கீரையும் பயறும் பொங்கிப் போடுகிற என் சொட்டு மட்டும் மேலேயே நின்று வேடிக்கை பார்க்கும். எனக்கு வருகிற கோபத்துக்கு அந்தக் குவளையைத் தட்டிவிடலாம் போல இருக்கும்.

மற்றப் பெண்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊசிக்குத் தப்பித்தோம் என்று சிரித்துக்கொண்டே பிஸ்கட் மேசைக்குப் போய்விடுவார்கள். என்னால் முடியவில்லை. என் மகள் பிறந்தபோது எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள் என்று பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது தலைமாட்டில் தொங்கிய ஒரு பை மட்டும்தான். யாரோ ஒருவர் எங்கேயோ படுத்துக் கொடுத்த ரத்தம் அது. ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்த மொழி, ஒன்றும் தெரியாது. கும்பிட ஒரு முகம்கூட இல்லை. அதே மாதிரி ஒரு பையை முகம் தெரியாத ஒருத்திக்கு நானும் கொடுத்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலேயே நினைத்துக்கொண்டேன். மகள் வளர்ந்து காலேஜுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். என் சொட்டு மட்டும் மிதந்துகொண்டே இருந்தது.

மண்டலுக்குத் தலைவர் எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. நல்ல மனுஷர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். லாக்டவுன் எல்லாம் முடிந்து முகாம் மறுபடி தொடங்கிய வருஷம், நான் வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க எதுக்கு தங்கச்சி சும்மா கையக் குத்திக்கிட்டு? லேடீஸ் ரத்தம் மெதக்கத்தான் செய்யும். பிஸ்கட் டேபிள்ல ஆள் இல்ல, அதப் பாத்துக்கிடுங்க."

"அடுத்த வருசம் முங்கும் அண்ணாச்சி. நீங்க கடையப் பூட்டிட்டு வந்து பாருங்க," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர எப்படி மூழ்க வைப்பது என்று தெரியாது. பக்கத்து வீட்டு மதினிதான் வழி சொன்னாள். சொந்த மதினி இல்லை. இரண்டு பேர் குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம், ஒரே சந்தில் ஒரே சுவர், கூப்பிட்டுக் கூப்பிட்டு மதினி ஆகிவிட்டாள். நான் வேலை பார்க்கும் பட்டறையில் அவளும் இருக்கிறாள். ஸ்கூல் பை தைக்கிற பட்டறை. அவள் மெஷினில் தைப்பாள், நான் ஜிப்பும் தையலும் சரிபார்த்து நூல் வெட்டுவேன்.

"முருங்கையில இல்லாத சத்தா? நட்டவன் வெறுங்கையோட போவான்னு சும்மாவா சொன்னாவ? பொடிச்சு வச்சு தெனமும் தின்போம்," என்றாள். முருங்கை நட்டுத் தின்றவனுக்கு வயதான காலத்திலும் கம்பு வேண்டாம், கையை வீசி நடப்பான் என்பது அந்தச் சொலவடை. மரம் நட இடம் இல்லாத ஊரில் நாங்கள் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்க் கட்டுக்கட்டாக வாங்கி வந்தோம்.

முருங்கை இலையை உருவுவது பெரிய வேலை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கட்டை அப்படியே பழைய சேலையில் இறுக்கிச் சுற்றி ஒரு ராத்திரி வைத்துவிட்டால், காலையில் உதறும்போது இலை தானாகக் கொட்டும். அலசி, தண்ணீர் வடித்து, நிழலில் காயப்போட வேண்டும். வெயிலில் காய்ந்தால் நிறம் போய்விடும். எங்கள் தகரக் கூரையில் காயவைத்தால் நிறத்தோடு சேர்த்துப் பக்கத்துப் பட்டறைப் புகையும் ஏறும். அதனால் ஏணி வைத்து ஏறுகிற மேல் அறையில் சேலை விரித்து, இலையைப் பரப்பி, மேலே இன்னொரு மெல்லிய சேலை போட்டு மூடி, ஃபேனைப் போட்டுவிட்டோம். வீட்டுக்காரரும் மகளும் கீழே சுருண்டு படுத்தார்கள். மகள் என்னை முறைத்தாள்.

"க்யா அம்மா, நம்ம தூங்கற எடத்துல கீரை தூங்குது," என்றாள்.

மிக்ஸியில் அடித்துச் சலித்தபோது வந்த பச்சை நிறத்தை இப்போதும் மறக்க முடியாது. கடைப் பொடியில் அந்த நிறத்தை நான் பார்த்ததில்லை. மதினி மூக்கருகில் வைத்து முகர்ந்துவிட்டு, பெண் பார்க்க வந்தவள் போல முகம் மலர்ந்தாள். இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை.

பொடி வந்துவிட்டது, எப்படி விழுங்குவது? வெறும் தண்ணீரில் போட்டால் புல்லைத் தின்றது போல இருந்தது. மோரில் போட்டால் குமட்டியது. பம்பாயில் பிறந்து வளர்ந்த மதினிக்கு எந்தச் சிக்கலுக்கும் ஒரே பதில்தானே உண்டு. இந்த ஊரில் இஞ்சியா, டீயில் போடு. ஏலமா, டீயில் போடு. மழைக்காலத்தில் தொண்டை கட்டினால் மராட்டிக்காரர்கள் ஏதோ ஒரு புல்லைக்கூட டீயில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். முருங்கை என்ன பாவம் செய்தது? இஞ்சியைத் தட்டிப் போட்ட சூடான டீயில் ஒரு ஸ்பூன் பொடியைக் கலக்கியதும் கசப்பு ஓடிப்போனது. பட்டறைக்கும் டப்பாவில் எடுத்துப் போனோம். காலையிலும் மாலையிலும் கெட்டிலோடு வருகிற டீக்காரர் எங்கள் கிளாஸைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். நாங்கள் பெருமையாகக் குடிப்போம். எனக்கு அசதி குறைந்தது போலவே இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை என்று மதினி சொன்னாள். சந்தில் நாலு பேரிடம் நானே போய்ச் சொன்னேன்.

இதற்கிடையில் மகளின் காலேஜுக்கு ஒரு வேலையாகச் செம்பூர் போனபோது கண்ணாடிக் கதவு போட்ட மருந்துக் கடை ஒன்றில் நுழைந்தோம். அலமாரி முழுக்க டப்பாக்கள். அதில் முருங்கையும் இருந்தது, மாத்திரைக் குப்பிக்குள். அட்டையில் ஒரு பெண் மலை உச்சியில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். சக்தி, சருமம், முடி, சர்க்கரை, மூட்டு என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இது எந்த நோயையும் குணப்படுத்தும் என்று சொல்லவில்லை என்றும் போட்டிருந்தது. மகள் படித்துச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பொடிக்கு இந்த டாம்பீகம் எதுவும் வேண்டாம் என்று வாசலில் நின்றே அவளிடம் பீற்றிக்கொண்டேன்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் கணபதி வந்தது. அடுத்த தெரு மராட்டி மண்டலிலும் முகாம் போட்டார்கள். பொங்கல் வரை யார் காத்திருப்பது? மதினியை இழுத்துக்கொண்டு போனேன். வெள்ளோட்டம் பார்த்துவிடலாம் என்று நினைப்பு. விரலைக் குத்தினார்கள். சொட்டு விழுந்தது. கொஞ்சம் இறங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் மெதுவாக மேலே வந்து மிதந்தது. மதினியின் சொட்டும் அப்படியே. இத்தனை மாத உழைப்பும் கண் முன்னால் மிதந்தது. அங்கே நின்ற நர்ஸ் பழக்கத்தில் பிஸ்கட்டை நீட்டினாள். வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன், அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

மறுநாள் முனிசிபாலிடி டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே இருந்த லேடி டாக்டர் மராட்டிக்காரர், என்னைவிடச் சின்னவர். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், மாசாமாசம் எவ்வளவு போகிறது என்று கேட்டார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். நான் என் முருங்கைப் பெருமையை முழுக்க எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல கீரை, நல்ல பொடி, எதில் கலந்து சாப்பிடுகிறாய் என்று இந்தியில் கேட்டார்.

"சாய் மே," என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சாய் மே?" என்று திரும்பக் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். கீரையில் இருக்கிற இரும்புச் சத்தில் உடம்பு எடுத்துக்கொள்வதே கொஞ்சம்தான். டீ அதையும் எடுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டோடும் அதை ஒட்டியும் டீ குடிக்காதே. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். இவ்வளவுதான் விஷயம். கடலில் கரைத்த பெருங்காயம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் முருங்கையை டீயில் கரைத்திருக்கிறோம்.

பரிசோதனை முடிவு வந்ததும் இரும்பு மாத்திரையும் எழுதினார். எனக்கு மாத்திரை பிடிக்காது. சூடு, வயிறு கட்டும். பொடியை ஒழுங்காகச் சாப்பிட்டால் போதாதா என்று கேட்டேன். பொடி சாப்பாடு, அதை விடாதே, ஆனால் உன் ரத்தம் இப்போது இருக்கிற இருப்புக்குச் சாப்பாடு மட்டும் காணாது, மருந்தும் வேண்டும் என்றார். பேரம் பேச இடம் கொடுக்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

மதினியிடம் சொன்னபோது அவள் முகம் செத்துவிட்டது. டீயில் போடலாம் என்று முதலில் சொன்னது அவள்தான்.

"அந்தம்மாவுக்கு முருங்கையப் பத்தி என்ன தெரியும்?" என்றாள்.

"தெரிஞ்சிருக்கு மதினி. நமக்குத்தான் சாயாவப் பத்தித் தெரியல."

அவள் கொஞ்ச நேரம் மெஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம், "சரி, சோத்துல பெசஞ்சு தின்போம். எலுமிச்ச வாங்கிட்டு வா," என்றாள். மதினியை எனக்குப் பிடிப்பது இதனால்தான்.

பொடியை மாற்றினோம். காய்ந்த இலையோடு வறுத்த எள்ளும் உளுந்தும் மிளகாயும் பூண்டும் சேர்த்து அரைத்து, மத்தியானம் சுடுசோற்றில் போட்டு, நல்லெண்ணெய் விட்டு, எலுமிச்சை பிழிந்து பிசைந்தோம். டீயில் ஒளித்துக் குடித்த அதே கீரைதானா என்று இருந்தது, அவ்வளவு ருசி. பட்டறையில் டப்பா திறந்தால் பக்கத்து மெஷின் பீகார்ப் பெண்கள் கை நீட்டினார்கள். கொடுத்தேன். அவர்கள் ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டித் தின்றார்கள்.

கஷ்டம் டீயை விடுவதில் இருந்தது. முழுக்க விடச் சொல்லவில்லை, சாப்பாட்டை ஒட்டிக் குடிக்காதே என்றுதான் சொன்னார். ஆனால் எங்கள் வாழ்க்கையில் எந்த டீ எதை ஒட்டாமல் இருக்கிறது? காலையில் பாவ் ரொட்டியைத் தொட்டுக்கொள்ள டீ, சாப்பிட்டுக் கை கழுவினால் டீ, யார் வீட்டு வாசலில் நின்றாலும் டீ. வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், இந்த ஊரில் அதற்குச் சண்டை என்று அர்த்தம். நாத்தனார் கல்யாண் ஊரிலிருந்து வந்தவள், நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு நான் குடிக்காததைப் பார்த்து, வந்தது பிடிக்கவில்லையோ என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறாள். பட்டறைச் சேட் அதற்கும் மேல். டீக்காரரை நான் திருப்பி அனுப்புவதைக் கவனித்துவிட்டு, வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டதா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ரத்தத்துக்காக என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் நிம்மதியாகப் போனார்.

முதல் வாரம் தலை வலித்தது. எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். "ஒரு கட்டிங் சாயா குடிச்சுத் தொலையேன், வீடு நிம்மதியா இருக்கும்," என்று வீட்டுக்காரர் கெஞ்சினார். மாத்திரை நான் பயந்தபடியே வயிற்றைப் படுத்தியது. விடவில்லை. நாலு மணிக்கு ஒரே ஒரு டீ, அதையும் கடிகாரத்தைப் பார்த்துக் குடித்தேன். அந்த ஒரு டீயின் ருசிக்கு முன்னால் பழைய பத்து டீயும் வெறும் சுடுதண்ணீர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பொங்கல் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பிட்டுவிட்டு, தலை வாரி, பட்டறைக்குப் போடாத நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். மதினியும் வந்தாள். மகள் போனைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தாள். அண்ணாச்சி கடையைப் பூட்டவில்லை, ஆனால் ஹால் வாசலில் வந்து நின்றார். என் சவடால் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

முதலில் மதினி. அவள் சொட்டு மூழ்கியது. மூழ்கியே விட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கல்யாண வீட்டுச் சந்தோஷம் இருந்தது. அடுத்து கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்த்தார்கள். பிரஷர் அதிகம், இன்று எடுக்க முடியாது என்றார்கள். அவள் சண்டைக்குப் போனாள், பிரஷர் இன்னும் ஏறியிருக்கும்.

பிறகு நான். விரலைக் குத்தியதும் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். மூடவில்லை. சொட்டு நீலத்தில் விழுந்தது, ஒரு கணம் நின்றது, நேராக அடிக்குப் போனது. திரும்பி வரவில்லை. நான் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். "ஹோ கயா ஆன்ட்டி, ஆகே சலோ," என்று விரலைக் குத்திய பையன் நகரச் சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

"முங்கிட்டு அண்ணாச்சி," என்றேன்.

"பாத்தேன் பாத்தேன்," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொடி கொஞ்சம் கடைக்குப் போட்டுத் தாங்களேன் தங்கச்சி. ரத்தம் ஊறும், சுகர் எறங்கும், முடி வளரும்னு ஒரு போர்டு போட்டிருவோம்," என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. பொடியாலா, மாத்திரையாலா, டீயை ஒதுக்கியதாலா, எலுமிச்சையாலா, எதனால் மூழ்கியது என்று எனக்கே தெரியாது. எல்லாம் சேர்ந்துதான் என்று டாக்டர் சொன்னார், நானும் அதையே நம்புகிறேன். சுகரையும் முடியையும் பற்றி நான் எப்படிச் சொல்வேன்? "முருங்கப் பொடின்னு மட்டும் எழுதுங்க, தாரேன். சாயாவுல போடாதீங்கன்னும் எழுதுங்க," என்றேன். அப்படித்தான் இன்றைக்கும் அவர் கடையில் விற்கிறது. நன்றாகவே விற்கிறது. அதில் எனக்கு அளவில்லாத பெருமை.

கட்டிலில் படுத்தேன். ஊசி குத்தியபோது வலித்தது, பொறுக்கிற வலிதான். கையில் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு சின்ன மெஷின் பையைத் தாலாட்டிக்கொண்டிருந்தது. பை மெதுவாக உப்பியது. என் வாழ்க்கையில் நான் எதையும் இவ்வளவு நிம்மதியாகப் படுத்துக்கொண்டு செய்ததில்லை.

முடிந்ததும் நர்ஸ் பையை எடுத்துக் கட்டினாள். மகள் போனை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். பை சின்னதாகத்தான் இருந்தது.

"அரே, இவ்ளோதானா அம்மா? இதுக்கா இத்தன வருஷம் ரகளை பண்ணே?"

"இவ்ளோதான்," என்றேன். "நீ பொறந்தன்னைக்கு யாரோ இவ்ளோ குடுக்காம இருந்தா நீ அம்மா இல்லாத புள்ள."

அவளுக்கு அந்தக் கதை தெரியாதது இல்லை. பல தடவை சொல்லியிருக்கிறேன், போனைப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். இப்போது கட்டிலருகே வந்தாள். நர்ஸிடம் இந்தியில் ஏதோ கேட்டாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே பையை அவள் பக்கம் நீட்டினாள். மகள் இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்தாள்.

"சூடா இருக்கும்மா," என்றாள். கையை எடுக்கவில்லை.